மூச்சும் ஓர் உழைப்பே

(சங்கத்தின் வெள்ளி விழாவில் உத்திரமேரூர் வட்டத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒரு தலைமையாசிரியன் பேச எழுந்தால், தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியோ உதவித்தொகையைப் பற்றியோதான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. செயலாளர் அவர்களும் ‘கல்வியும் நம் முன்னேற்றமும்’ என்னும் தலைப்பைத்தான் எனக்கு அளித்திருந்தார். அவருடைய இசைவைப் பெற்றுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். நான் இன்று பேச வந்திருப்பது மூச்சைப் பற்றி. குறிப்பாக, நாட்பட்ட நுரையீரல் நோய் உடையவர்களிடம் மூச்சுத் தசைகள் தளர்ந்துபோவதைப் பற்றி. ‘இது மருத்துவர் பேச வேண்டிய பொருளாயிற்றே, வரலாறு படித்த வாத்தியார் இதில் ஏன் தலையிடுகிறார்?’ என்று சிலர் எண்ணலாம். என் பள்ளியின் வருகைப் பதிவேடுதான் என்னை இதில் தலையிட வைத்தது.

வருகைப் பதிவேடு சொன்ன செய்தி

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்தி, ஜூலை மாதத்திலிருந்து வாரத்திற்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று வராமல் நின்றாள். கணக்கில் கெட்டிக்காரி. வகுப்பாசிரியை கேட்டபோது, ‘அப்பாவுக்கு முடியல டீச்சர்’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை நானே அவள் வீட்டைத் தேடிச் சென்றேன்.

அவளுடைய தந்தையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. இரண்டு கைகளையும் முழங்கால்களின் மேல் ஊன்றி, தோள்களை உயர்த்தி, முன்புறமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ‘வாங்க சார்’ என்றவர், அடுத்த சொல்லுக்கு முன் இரண்டு முறை மூச்சு வாங்கினார். எழுந்து நிற்க முயன்றவரை நான் தடுத்து உட்கார வைத்தேன். கல் குவாரியிலும், அதன்பின் ஜல்லி அரைக்கும் கிரஷரிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் அவர். அவருடைய மனைவியார் நூறு நாள் வேலைக்குச் சென்றிருந்தார். மாணவி தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கி வந்துகொண்டிருந்தாள். நான் திரும்பி வரும்போது தெருமுனையில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: ‘ஆம்பளை திண்ணையிலே குந்திக்கினு இருக்கான், பொண்ணு தண்ணி தூக்குது. சோம்பேறி சார் அவன்.’

சோம்பேறி என்னும் அந்தச் சொல் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. நம் மக்களைப் பார்த்துப் பிறர் பல தலைமுறைகளாக எறிந்த சொல் அது. அதை இப்போது நாமே நம்மவர் மீது எறிகிறோம். அது எவ்வளவு பெரிய அநீதி என்பதை விளக்குவதற்காகவே இன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கல்லில் எழுதியதும் கல் எழுதியதும்

நாம் வாழும் பகுதி கல்வெட்டுகளால் உலகப் புகழ் பெற்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டைப் பாடநூலில் படிக்காத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களே அந்தக் குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதி பெற்றிருந்தனர் என்பதையும் அதே கல்வெட்டு தெரிவிக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில் மற்றொரு கல்வெட்டு உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் அந்தக் கோயிலோடு இணைந்து ஒரு கல்விச்சாலையும், அதனோடு 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையும் இயங்கிய செய்தியை அது கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் என்று அனைவருக்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டிருந்தது. பள்ளியும் மருத்துவமும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே நம் பகுதியில் எண்ணியிருக்கிறார்கள். அந்தப் படுக்கைகள் அங்குப் பயின்ற மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரியவை. கல்லை வெட்டிச் சுமந்தவன் நோயுற்றால் அவன் எங்கே படுத்தான் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

இன்றும் மதூர், சிறுதாமூர், பழவேரி முதலிய ஊர்களின் குன்றுகள் உடைக்கப்பட்டு, சென்னையின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஜல்லியாகச் செல்கின்றன. அந்தக் கல்லில் பெருமளவு கலந்துள்ளது சிலிக்கா என்னும் பொருள். கல்லை உடைக்கும்போதும் துளையிடும்போதும் அரைக்கும்போதும் எழுகின்ற தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று சேர்கிறது. அதனை விழுங்கி அழிக்க முயலும் நம் உடலின் காவல் அணுக்கள் தாமே அழிகின்றன. அழிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. பஞ்சு போல் விரிய வேண்டிய நுரையீரல் தோல் போல் விறைக்கிறது. இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வேலையை விட்ட பிறகும் இந்தத் தழும்பு வளரக்கூடும். காசநோய் பற்றுவதற்கும் இது வழி திறந்துவிடுகிறது. அரசர்கள் கல்லில் எழுதினார்கள். அந்தக் கல்லோ நம் மக்களின் நெஞ்சுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறது.

துருத்தியை இழுக்கும் கை

இனி மூச்சைப் பற்றிச் சிறிது அறிவியல் பேச அனுமதியுங்கள். நுரையீரல் தானாக விரிவதில்லை. கொல்லன் உலையில் துருத்தி இருக்கிறது. அதை இழுப்பதற்கு ஒரு கை வேண்டும். நுரையீரல் துருத்தி என்றால் அதை இழுக்கும் கை மூச்சுத் தசைகள்தாம். அவற்றுள் தலையாயது உதரவிதானம். நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையே கவிழ்த்த குடை போல் அமைந்த தசை அது. அது சுருங்கும்போது குடையின் முகடு கீழே இறங்குகிறது, நெஞ்சறை பெரிதாகிறது, காற்று உள்ளே வருகிறது. விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகள் அதற்குத் துணை நிற்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை இவ்வாறு நடைபெறுகிறது. கை ஓய்கிறது, கால் ஓய்கிறது, கண்ணும் உறங்கி ஓய்கிறது. பிறந்த கணம் முதல் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத கூலித் தொழிலாளி நம் உடலில் உண்டென்றால், இதயத்தோடு சேர்த்து இந்த உதரவிதானத்தையும் சொல்ல வேண்டும்.

புகையாலோ தூசியாலோ மூச்சுக் குழல்கள் குறுகிப்போனவருக்கு உள்ளே சென்ற காற்று முழுவதும் வெளியே வருவதில்லை. ஒரு மூச்சு வெளியேறி முடியும் முன்பே அடுத்த மூச்சுக்கு நேரம் வந்துவிடுகிறது. இப்படித் தேங்கிய காற்றால் நுரையீரல் எப்போதும் ஊதியே இருக்கிறது. கவிழ்த்த குடை அழுந்தி, விரித்த பாய் போல் தட்டையாகிவிடுகிறது.

கவலை இறைத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாடுகள் மேட்டிலிருந்து சரிவின் அடி வரை இறங்கினால்தான் சால் கிணற்றிலிருந்து மேலே வரும். சரிவின் பாதிக்கு மேல் இறங்கி நிற்கும் மாட்டை என்னதான் விரட்டினாலும் அது எஞ்சிய தூரத்திற்கு மேல் இழுக்க முடியுமா? மாட்டின் மீது குற்றமில்லை. அது நிற்கும் இடம் தவறு. தட்டையான உதரவிதானத்தின் நிலையும் இதுவே. ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் தசை மேலும் சுருங்க இடமில்லை. 1991-இல் வெளியான ஓர் ஆய்வு இதனை அழகாக மெய்ப்பித்தது. நுரையீரல் ஊதிப்போன நோயாளிகளின் உதரவிதானத்தையும் நலமுள்ளவர்களின் உதரவிதானத்தையும் ஒரே அளவு காற்று நிரம்பிய நிலையில் வைத்து ஒப்பிட்டபோது, நோயாளியின் தசை இளைத்ததாக இல்லை. நாள்தோறும் மிகுதியாக உழைத்து உழைத்துப் பழகிய தசையாகவே இருந்தது. அது தோற்பது இடத்தாலும் சுமையாலும்தான். அந்தத் திண்ணையில் நான் கண்ட மனிதரைச் சோம்பேறி என்றவர் இதை அறிந்திருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கமாட்டார். அவர் உட்கார்ந்த இடத்திலேயே, நாம் நடந்து செய்யும் வேலையைக் காட்டிலும் கடினமான வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

தழும்பால் விறைத்த நுரையீரல் உடையவருக்குத் துன்பம் வேறு விதமானது. அங்குத் துருத்தியின் தோலே காய்ந்து கெட்டியாகிவிட்டது. அதை விரிக்க ஒவ்வொரு முறையும் கூடுதல் பலம் வேண்டும். நம் குவாரித் தொழிலாளர் பலருக்குத் தூசியும் பீடிப் புகையும் சேர்ந்து இரண்டு துன்பங்களையும் ஒருங்கே தருகின்றன.

இதன் மேல் மேலும் சில காரணங்கள் சேர்ந்து தசையை உண்மையாகவே நலிய வைக்கின்றன. முதலாவது, பசி. மூச்சு வாங்குபவரால் வயிறார உண்ண முடிவதில்லை; ஆனால் மூச்சு விடுவதற்கே அவர் உடல் பெருஞ்செலவு செய்கிறது. வரவு குறைந்து செலவு மிகுந்தால் உடல் தன் தசையையே கரைத்துச் செலவழிக்கிறது. இரண்டாவது, அசையாமை. நடந்தால் இரைக்கிறது என்று நடையை விட்டவருக்குக் கால் தசை மெலிகிறது. மெலிந்த கால் சிறிது நடந்தாலும் விரைவில் களைத்து, மேலும் மூச்சைக் கேட்கிறது. மூன்றாவது, மருத்துவர் சீட்டின்றி வாங்கி உண்ணும் மாத்திரை. ‘இரைப்புக்கு நல்ல மாத்திரை’ என்று பொட்டலத்தில் வாங்கி மாதக்கணக்கில் உண்பவற்றில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். மருத்துவர் சில நாள்களுக்கு அளந்து தந்தால் அது உயிர் காக்கும் மருந்து. கண்காணிப்பின்றி நெடுநாள் உண்டால் தசையையே அது நலிய வைக்கும். நெடுநாள் உண்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொற்படியே குறைக்க வேண்டும்.

அடுப்பங்கரையில் இருப்பவர்கள்

இது ஆண்களுக்கு மட்டும் உரிய துன்பமன்று. பீடியைத் தொட்டறியாத நம் தாய்மார்களும் விறகும் வறட்டியும் எரித்த அடுப்பின் புகையால் இந்த நோயை அடைகிறார்கள். நமக்கு அண்டையில் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், 30 வயதைக் கடந்த, புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு இருவருக்கு மேல் மூச்சுக் குழல் குறுகிய நோய் இருந்தது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடுப்படியில் இருந்தவர்களிடம் அது நூற்றுக்கு மூவராக இருந்தது. 2016-இல் உஜ்வலா திட்டம் வந்த பிறகு எரிவாயு அடுப்பு நம் குடிசைகளிலும் நுழைந்தது உண்மை. உருளை தீர்ந்து பணமில்லாத வாரங்களில் விறகடுப்பு மீண்டும் எரிகிறது என்பதும் உண்மையே. ‘கிழவிக்கு இழுப்பு, வயசாச்சு’ என்று நாம் தள்ளிவிடும் பாட்டிமார்களை இந்தக் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள்.

நான் செய்த பிழை

இந்த இடத்தில் என் சொந்தப் பிழை ஒன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன். நாங்கள் ‘நைனா’ என்றே அழைத்துப் பழகிய என் தந்தையாரும் கல்லுடைத்தவரே. அவர் உடைத்த கல்லில்தான் நான் பி.ஏ., பி.எட். படித்தேன். எனக்கு வேலை கிடைத்ததும் அவரை என்னோடு அழைத்துவந்தேன். அவருக்கு இரைப்பு அதிகமாயிற்று. அன்புள்ள மகன் என்ன செய்வான்? நல்ல கட்டில் வாங்கிப் போட்டேன். ‘நைனா, நீங்கள் உழைத்தது போதும், இனி அசையாமல் இருங்கள்’ என்றேன். சோறும் தண்ணீரும் கட்டிலுக்கே வந்தன. முதல் மாதம் தெரு வரை நடந்தவர், மூன்றாம் மாதம் வாசல் வரை நடந்தார். ஆறாம் மாதம் கழிப்பறைக்குச் செல்லவும் என் தோள் வேண்டியிருந்தது. நோய் முற்றிவிட்டது என்று எண்ணினேன். நோயும் முற்றியிருக்கலாம்; ஆனால் அவர் கால்களில் எஞ்சியிருந்த பலத்தை என் கட்டில்தான் தின்றது என்பதை அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், இயன்முறை மருத்துவர் ஒருவர் விளக்கக் கேட்டு அறிந்தேன்.

நெஞ்சு நோய்க்கு ஓய்வே மருந்து என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியதற்கு வரலாறு உண்டு. 1928-இல் மருத்துவர் சவுரிமுத்து அவர்கள் தாம்பரத்தில் காசநோய்க்குச் சானடோரியம் தொடங்கிய காலத்தில், அந்நோயைக் கொல்லும் மருந்து உலகில் இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே அன்றைய சிகிச்சை. மருந்துகள் வந்த பின், 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதி நோயாளிகள் சானடோரியத்தில் ஓய்வோடு மருந்து பெற்றனர். மற்றவர்கள் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, குறைந்த உணவோடும் அன்றாட நடமாட்டத்தோடும் அதே மருந்தை உண்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகத்தை வியக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்திருந்தனர். கட்டில் ஓய்வு நோயைத் தீர்ப்பதில்லை என்பதை உலகிற்கு எடுத்துக்காட்டியது நம் சென்னை மாநகரம். அந்தப் பாடத்தை நாம் காசநோயில் கற்றோம். ஆஸ்துமா, சிலிக்கோசிஸ், புகையால் வந்த இரைப்பு ஆகியவற்றில் இன்னும் கற்கவில்லை.

செய்யத்தக்கவை

இனி, அந்த மாணவியின் வீட்டிற்குத் திரும்புவோம். அவருடைய தந்தையாரை நானும் சங்கத்தின் இளைஞர்கள் இருவரும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்தார்கள். ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். உள்ளிழுக்கும் மருந்தைக் கொடுத்து, அதைப் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். நம் மக்கள் பம்பு என்று சொல்லி அஞ்சும் அந்த மருந்து அடிமையாக்கும் பொருளன்று. உடல் முழுவதும் பரவாமல் மூச்சுக் குழலுக்கே நேராகச் செல்வது என்பதால் அதில் தீங்கும் குறைவு. அதன்பின் இயன்முறை மருத்துவர் சில பயிற்சிகளைக் கற்றுக் கொடுத்தார். அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். மருத்துவர் ஒரு முறை பார்த்துச் சம்மதித்த பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும். காய்ச்சலும் சளியும் கூடி நோய் சீறியிருக்கும் வேளையில் கூடாது.

முதலாவது, உதடு குவித்து ஊதுதல். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, சூடான கஞ்சியை ஊதி ஆற்றுவது போல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெல்ல விட வேண்டும். இதனால் மூச்சுக் குழல்கள் பாதியில் மூடிக்கொள்ளாமல் திறந்திருக்கின்றன. தேங்கிய காற்று வெளியேறுகிறது. தட்டையான குடை சிறிதேனும் தன் பழைய வளைவை அடைகிறது. மாடு மீண்டும் மேட்டுக்கு ஏறி நிற்பதற்கு ஒப்பானது இது.

இரண்டாவது, உட்காரும் முறை. அவர் கைகளை முழங்காலில் ஊன்றிச் சாய்ந்திருந்தாரே, அது உடல் தானே கண்டறிந்த உபாயம். அப்படிச் சாயும்போது வயிறு உதரவிதானத்தைக் கீழிருந்து தாங்குகிறது. ஊன்றிய கைகளால் தோள் தசைகளும் மூச்சுக்கு உதவுகின்றன. ‘நிமிர்ந்து உட்கார்’ என்று அவரை அதட்டாதீர்கள்.

மூன்றாவது, நடை. இதுவே தலையானது. சமதரையில் 30 மீட்டர் அளந்து இரு முனையிலும் அடையாளம் வைத்து, 6 நிமிடத்தில் எத்தனை நடை நடக்கிறார் என்று குறித்துக்கொள்ளும் முறையை மருத்துவர்கள் உலகெங்கும் கையாளுகிறார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும். இரைத்தால் உட்கார வேண்டும். இரைப்பு அடங்கினால் மீண்டும் எழ வேண்டும். நடக்கும்போது மிதமாக இரைப்பது கேடன்று. அந்த இரைப்புக்கு அஞ்சி நிறுத்துவதே கேடு. நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும். திண்ணையிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும் காலுக்கு நல்ல பயிற்சி. வாரத்தில் சில நாள்கள் என்று எட்டு வாரமேனும் தொடர வேண்டும்.

நான்காவது, உணவு. ஒரே வேளையில் வயிறு நிரம்ப உண்டால் வயிறு மேலே தள்ளி மூச்சைத் தடுக்கும். ஆகவே சிறிது சிறிதாக ஐந்து வேளை உண்ண வேண்டும். முட்டை, வேர்க்கடலை, பருப்பு, கருவாடு என்று நமக்கு எட்டியவற்றில் புரதம் சேர வேண்டும்.

மூச்சுத் தசைக்கென்றே தனிப் பயிற்சிக் கருவியும் உண்டு. உள்ளிழுக்கும்போது சுருள்வில் ஒன்று எதிர்த்து நிற்க, அதை வென்று இழுப்பதால் தசை வலுப்பெறும். தனியாகச் செய்தால் பயன் உண்டு. ஆனால் முறையான நடைப்பயிற்சி செய்பவருக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் பயன் பெரிதன்று என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கருவி வாங்கப் பணமில்லை என்று யாரும் கலங்க வேண்டாம். பெரும்பயன் தருவது நடை, அது இலவசம்.

உதடு நீலம் பாரித்தாலும், பேச்சு வராமல் போனாலும், பகலில் காரணமின்றி மயங்கி மயங்கித் தூங்கினாலும், ஒவ்வொரு மூச்சுக்கும் கீழ் விலா உட்குழிந்து வேகமாக இழுத்தாலும், பயிற்சியை நினைக்காமல் 108-ஐ அழையுங்கள். அது தசை முற்றிலும் களைத்துவிட்டதன் அறிகுறியாக இருக்கக்கூடும்.

அந்தத் தந்தையார் முதல் நாள் எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் 6 நிமிடத்தில் ஆறு நடை நடந்தார், 180 மீட்டர். எண்ணிக் குறித்தவள் அவருடைய மகள். இரண்டு மாதத்திற்குப் பின் எட்டு நடை, 240 மீட்டர். 60 மீட்டர்தானே கூடியது என்று நீங்கள் கேட்கலாம். அவர் வீட்டிலிருந்து தெருக்குழாய்க்கு அவ்வளவு தூரந்தான். குடம் தூக்க அவரால் இயலாது. ஆனால் குழாயடியில் வரிசைக்கு நிற்க இயலும், மனைவியார் வந்து தூக்கும் வரை. அந்த 60 மீட்டர் ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவைத்தது. அவள் அவ்வாண்டு அரையாண்டுத் தேர்வை முழுமையாக எழுதினாள். அவருடைய நுரையீரலின் தழும்பு அப்படியே உள்ளது, அது மறையாது, அவர் மீண்டும் கல்லுடைக்கப் போவதில்லை, போகவும் கூடாது. இதில் மாயம் ஒன்றும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்திற்கு என் வேண்டுகோள்

இருபத்தைந்து ஆண்டுகளாக இரவுப் பாடசாலையையும் விடுதியையும் நடத்திவரும் இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நம் இரவுப் பாடசாலைத் தாழ்வாரத்தில் 30 மீட்டர் அளந்து கோடு கிழிப்போம். வாரத்தில் மூன்று மாலை, இரைப்புள்ள பெரியோர் அங்கு வந்து நடக்கட்டும். பிள்ளைகள் எண்ணிக் குறிக்கட்டும். வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் பணியையும் உள்ளடக்கி, மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தை 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அத்தகைய பணியாளர்களை நம் தாழ்வாரத்திற்கு அழைப்போம். 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்த்தே ஆபத்தானவர் யார் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். எளிய கருவிகளும் கவனமுள்ள கண்களும் போதும் என்பதற்கு இதுவே சான்று.

இரண்டு: ஒரு பதிவேடு. சிலிக்கோசிஸ் சட்டத்தில் தொழில்நோயாக ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் இழப்பீடு கேட்கும்போது எங்கே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை செய்தீர் என்று கேட்கிறார்கள். நாட்கூலியாக உழைத்தவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் அமர்ந்து, தாத்தாவும் அப்பாவும் அம்மாவும் எந்தக் குவாரியில் எத்தனை ஆண்டு உழைத்தார்கள், உடன் உழைத்தவர் யார் யார் என்று கேட்டு எழுத வேண்டும். உடன் உழைத்தவரின் சாட்சிக் கையொப்பமும் பெற வேண்டும். இதுவே முழுச் சான்று ஆகிவிடாது. ஆனால் ஒன்றுமில்லாத இடத்தில் இது ஒரு தொடக்கம். குடவோலையில் எழுதப்படாத பெயர்கள் நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திலாவது எழுதப்படட்டும். நாம் கல்வி கற்றதன் பயன் இதைவிடச் சிறந்ததாக வேறு என்ன இருக்க முடியும்?

மூன்று: பத்தாம் வகுப்பு விடுமுறையில் கிரஷருக்குச் சென்று வரும் பையன்கள், கையில் பணத்தைப் பார்த்தபின் திரும்பாமலே போய்விடுகிறார்கள். தந்தை விட்ட இடத்தில் மகன் போய் நிற்கிறான். அந்த ஒரு கோடை விடுமுறைக்குச் சங்கம் சிறிய உதவித்தொகை அளிக்குமானால், ஒரு தலைமுறையின் நுரையீரலைக் காத்த புண்ணியம் உண்டாகும். வேறு வழியின்றி அங்கே உழைக்கும் பெரியவர்களுக்காக, கல்லை நனைத்து உடைக்கவும், அரைக்கும் இடத்தில் நீர் தெளிக்கவும், தூசியைத் தடுக்கும் தக்க முகக்கவசம் வழங்கவும் உரிமையாளர்களிடம் கேட்பது நம் கடமை. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது.

அன்பார்ந்தவர்களே, நீண்ட நேரம் பேசிவிட்டேன். இன்று இவ்விழாவிற்கு வரும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒருவர் கைகளை ஊன்றிச் சாய்ந்து அமர்ந்திருப்பதைக் கண்டேன். உங்கள் தெருவிலும் ஒருவர் அப்படி இருப்பார். இன்று வீடு திரும்பும்போது அவரைச் சோம்பேறி என்று எண்ணிக் கடந்து செல்லாதீர்கள். அவர் அருகில் சிறிது நேரம் அமருங்கள். ‘அண்ணே, அந்த மரம் வரைக்கும் மெதுவா நடந்து வரலாமா?’ என்று கேளுங்கள். என் நைனாவிடம் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.